எந்தப் பனை?

யாழ்ப்பாணத்தில் ஆறாம் ஏழாம் வகுப்புப் படிக்கிற ஒரு பிள்ளையிடம் வெள்ளைத் தாளும் பஸ்ரல் பெட்டியும் குடுத்து, "ஒரு இயற்கைக் காட்சி கீறு பாப்பம்" என்று சொல்லுங்கோ. என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். மேலே இரண்டு முக்கோண மலை. இரண்டுக்கும் நடுவில் பாதிச் சூரியன். மலையடியில் நூல் மாதிரித் தொடங்கி, தாளின் கீழ் விளிம்புக்கு வரும்போது வீதியளவு அகலமாகிவிடுகிற ஒரு ஆறு. கரையில் ஒரு குடிசை, பக்கத்தில் சாய்ந்த தென்னை, வானத்தில் நாலைந்து பறவைகள். மனிதர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள். இருந்தாலும் முகம் இருக்காது.

குடாநாட்டில் மலை இல்லை. கீரிமலையிலேயே மலை இல்லை! வருசம் முழுக்க ஓடுகிற ஆறும் இல்லை. வழுக்கையாறு மாரிக்கு மட்டும் வந்து போகும். இருந்தும் பிள்ளை தான் காணாத மலையையும் ஆற்றையும் கீறுது. ஒவ்வொரு நாளும் காண்கிற கிணறு, ஒழுங்கை, தகர வேலி, வெங்காயத் தோட்டம், அதில் குனிந்து நிற்கிற சனம் ஒன்றும் படத்துக்குள் வராது. அட்டன் பக்கத்திலிருந்து எங்கட கம்பஸுக்கு வந்த தோழி சொன்னாள், அங்கேயும் இதே படம்தானாம். மலை மட்டும் அவளுக்கு உண்மை. ஆனால் அந்த மலையடியில் அவள் கீறியது தான் பிறந்த லயத்தை இல்லை. தனியே நிற்கிற குடிசையையும் ஒரு தென்னையையும்தான்.

பிள்ளைகள் கீறட்டும், அதில் எங்களுக்கு ஒரு கோவமும் இல்லை. நாங்கள் பேச வந்தது அந்தப் பிள்ளைகள் வளர்ந்தபிறகு கீறுகிற படங்களைப் பற்றி. கம்பஸுக்கு வந்து, கண்காட்சி வைத்து, இன்ஸ்ரகிராமில் டிஜிற்றல் ஓவியம் போடுகிற எங்கட வயதுக்காரரின் படங்களைப் பற்றி. அங்கே மலை போய்விட்டது. அந்த இடத்துக்குப் பனை வந்திருக்கிறது.

மலைப் படம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கலண்டரிலிருந்தும், சித்திரப் பாடத்தில் கரும்பலகையில் கீறிக் காட்டியதிலிருந்தும் என்று சொல்லலாம். இன்னும் பின்னால் போனால் ஐரோப்பாவுக்குப் போகவேண்டி வரும். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் இயற்கை பார்க்கப் போன வசதியான ஆட்கள் ஒரு சின்னக் கண்ணாடியும் கொண்டு போவார்கள். கருமை பூசிய, கொஞ்சம் புடைத்த கண்ணாடி. அவர்களுக்கு முந்தைய நூற்றாண்டின் ஓவியரான குளோட் லொறேனின் பெயரால் அதைக் குளோட் கண்ணாடி என்றார்கள். பார்க்க வந்த காட்சிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு, கண்ணாடிக்குள் விழுகிற பிம்பத்தைப் பார்ப்பார்கள். அதில் எல்லாம் மங்கி, ஒரே நிறமாகி, அந்த ஓவியரின் படம் மாதிரித் தெரியும். (பில்ரர் போட்டுப் படம் எடுக்கிறதுக்கு வீட்டில் பேச்சு விழுந்தால் இந்தக் கதையைச் சொல்லித் தப்பலாம்.) அந்தக் கண் கப்பலேறி இங்கேயும் வந்தது. 1846இல் கொழும்பு அக்கடமியில் சித்திரம் படிப்பிக்க வந்த அயர்லாந்துக்காரர் அன்ட்ரூ நிக்கோல், காடும் இடிபாடுமாக இலங்கையை வரைந்தார். வடிவான படங்கள்தான். ஆனால் பார்க்க வந்தவரின் வடிவு அது, இருந்து உழைக்கிறவரின் வடிவு இல்லை.

இனிப் பனைக்கு வருவோம்.

செம்மஞ்சள் வானம், அதன் முன்னால் கறுப்பு நிழலாக மூன்று பனை. இந்தப் படத்தை நாங்கள் எங்கே காணவில்லை? கவிதைத் தொகுப்பின் அட்டையில், நினைவேந்தல் போஸ்ரரில், ஹோட்டல் வரவேற்பறையில், ரீசேட்டில், புலம்பெயர்ந்த நாட்டுப் பழைய மாணவர் சங்க மலரில். 2019 இறுதியில் நாடெங்கும் இளைஞர்கள் மதில்களில் படம் கீறிய அலை வந்தபோது யாழ்ப்பாணத்து மதில்களிலும் பனை முளைத்தது, கூடவே மாட்டுவண்டியும். துக்கம் சொல்லவும் அதே பனை, உல்லாசப் பயணிக்கு அறை விற்கவும் அதே பனை. இப்படி எல்லாருக்கும் இசைந்து கொடுக்கிற ஒரு குறியீடு யாருடைய கதையைத்தான் சொல்லும்?

படங்களைக் கிட்ட வைத்துப் பார்த்தால் இன்னொன்று தெரியும். கனக்கப் படங்களில் இருப்பது பனையே இல்லை. பனையின் அடிமரத்தில் தென்னோலையைக் கொண்டுபோய் ஒட்டியிருக்கிறார்கள். பனையோலை விசிறி மாதிரி விரியும். தென்னோலை சிறகு மாதிரிக் கீற்றுக் கீற்றாகத் தொங்கும். காவோலை வெட்டாமல் விட்ட பனைக்குக் கழுத்துக்குக் கீழே மண்ணிறப் பாவாடை கட்டினமாதிரி இருக்கும். வடலி ஒரு மாதிரி, வளர்ந்த மரம் வேற மாதிரி. ஆண்பனையில் நுங்கு இருக்காது. இதெல்லாம் தாவரவியல் பாடமா என்று கேட்பீர்கள். "இது எங்கட மண்ணின் அடையாளம்" என்று படத்துக்குக் கீழே எழுதுகிற ஆள், அந்த அடையாளத்தை ஒருக்கால் நிமிர்ந்து பார்த்திருக்கவேண்டாமா என்றுதான் நாங்கள் கேட்கிறோம்.

இதைவிடப் பெரிய சிக்கல் தலையில்லாப் பனையில் இருக்கிறது. பளை, முகமாலைப் பக்கம் ஏ9 வீதியால் போன எல்லாருக்கும் அது தெரியும். செல்லடியில் தலை பறந்து, கம்பம் மாதிரி வரிசையாக நின்ற பனைகள். போரை அதைவிடச் சுருக்கமாகச் சொல்லக்கூடிய உருவம் வேறொன்று இருக்குமோ தெரியாது. எங்கட ஆக்கள் அதைக் கீறியதில் ஒரு ஆச்சரியமும் இல்லை. ஆனால் இப்ப வருகிற படங்களில் அந்த மொட்டைப் பனையின் உச்சியிலிருந்து ஒரு பச்சைக் குருத்து எட்டிப்பார்க்கும். கீழே "மீண்டெழுவோம்" என்றோ "நம்பிக்கை" என்றோ ஒரு வரி.

பனைக்கு ஒரே ஒரு குருத்துத்தான். அது போனால் மரம் போச்சு. பூவரசைத் தறித்தால் துளிர்க்கும், முருங்கையை முறித்து நட்டால் வளரும். பனை அப்படியில்லை. தலை போனபிறகும் வருசக்கணக்காக நிற்கும், ஆனால் செத்தே நிற்கும். அந்த இடத்தில் திரும்பப் பனை வேண்டுமென்றால் கீழே பனங்கொட்டை விழுந்து முளைக்கவேண்டும். அது வடலியாகி, பாளை விட 15, 20 வருசம் போகும். அதுவரை காணி யாருடைய கையில் இருக்கிறது, ஆடுமாடு கடிக்காமல் யார் பார்க்கிறது என்ற கேள்வியெல்லாம் இருக்கு. மொட்டையில் குருத்தைக் கீறுகிறவர் இந்த 20 வருசத்தை ஒரு பச்சைக் கோட்டால் தாண்டிவிடுகிறார். ஆறுதலாக இருக்கும்தான். பிள்ளையைத் தேடி வீதியோரக் கொட்டகையில் குந்தியிருக்கிற அம்மாவிடம் அந்தப் படத்தை நீட்டினால் அவருக்கு எப்படி இருக்கும் என்பதையும் யோசிக்கவேண்டும்.

பனையில் ஏறுகிற மனிதரைத் தேடினால் அவரும் இல்லை. காலில் தளைநார், இடுப்பில் பாளைக்கத்தி, முட்டியோடு விடியவெள்ளன மரத்தில் நிற்கிற ஆள். எங்கட ஊரில் அந்தத் தொழிலைச் செய்தவர்களை எந்தப் பெயரால் கூப்பிட்டார்கள், எந்தக் கிணற்றில் அள்ளவிடவில்லை, எந்தக் கோயிலின் வெளிவீதியோடு நிற்பாட்டினார்கள் என்பது எங்கட தலைமுறைக்கு ஒன்றும் தெரியாத கதையில்லை, பேசாத கதை. மரத்தைக் "கற்பகதரு" என்று கும்பிட்டுக்கொண்டு, அதில் ஏறியவரைத் தள்ளி வைத்த சமூகம் இது. ஆளில்லாமல் நிழலாக நிற்கிற பனை அந்தத் தள்ளிவைப்பை அப்படியே தாளுக்குக் கொண்டுவருகிறது. கீறியவர் அப்படி நினைத்திருக்கமாட்டார். ஓலை வார்ந்து பெட்டி இழைக்கிற, பனாட்டு ஊற்றுகிற பெண்களின் கைகளும் இதே மாதிரித்தான் காணாமல் போகின்றன.

"தமிழில் நிலம் எப்பவுமே குறியீடுதானே, சங்க இலக்கியத்தில் திணை அதுதானே" என்று எங்களோடு ஒரு நண்பர் வாதிட்டார். நல்ல கேள்விதான். ஆனால் தொல்காப்பியம் கருப்பொருளைப் பட்டியல் போடுகிற இடத்தைப் பாருங்கோ. மரம் அதில் ஒன்று. மரத்தோடு ஒரே வரிசையில் உணவு வருகிறது, விலங்கு வருகிறது, பறவை வருகிறது, பறையும் யாழும் வருகின்றன, "செய்தி" என்ற பெயரில் அந்த நிலத்துத் தொழிலும் வருகிறது. உழைப்பு இல்லாத நிலம் திணையில் இல்லை. பாலைக்கு என்று தனி நிலமே கிடையாது. குறிஞ்சியும் முல்லையும் வெயிலில் காய்ந்து இயல்பு கெடும்போது பாலையாகும் என்பது சிலப்பதிகாரம் சொல்கிற விளக்கம். நிலத்துக்கு ஒரு வரலாறு நடக்கும், அது ஒன்று இன்னொன்றாக மாறும் என்று அந்தக் காலத்திலேயே விளங்கியிருக்கிறது. எங்கட செம்மஞ்சள் பனையில் எது மாறுகிறது? வானத்தின் நிறம்கூட மாறுவதில்லை.

பனை இப்படி இறுகிப் போனதுக்குக் காரணம் இருக்கிறது, அதையும் சொல்லாமல் போனால் நியாயமில்லை. இந்த நாட்டில் மரம் சும்மா மரம் இல்லை. 1972இல் தேசியக் கொடியின் நான்கு மூலையிலும் அரசிலை வந்தது. 1986இல் நாகமரம் தேசிய மரமானது. குளம், வயல், கிராமம், தூரத்தில் வெள்ளைத் தாதுகோபுரம் என்று ஒரு இலட்சியக் காட்சி பாடப்புத்தகத்திலும் தேர்தல் மேடையிலும் திரும்பத் திரும்பக் காட்டப்பட்டது. அந்தக் காட்சிக்குள் எங்களுக்கு இடம் இல்லை என்று கண்ட சனம் தங்களுக்கென்று ஒரு மரத்தைத் தேடிக்கொண்டது. பிள்ளையார் இருந்த அரசமரத்தடியே வழக்குக்குரிய இடமாகிப்போகிற ஊரில், யாரும் வந்து உரிமை கேட்கமாட்டார்கள் என்று நம்பக்கூடிய மரம் பனைதான். ஆனால் ஒரு இலட்சியக் காட்சிக்கு இன்னொரு இலட்சியக் காட்சி பதிலாகுமா? அதிலும் விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பனைக்குக் கீழே முஸ்லிம் வீடு இருக்கிறதா? மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறியவரின் கொட்டில் இருக்கிறதா?

தெற்கில் இதைக் கூர்மையாகப் பிடித்த ஒருவர் சந்திரகுப்த தெனுவர. சோதனைச்சாவடிகளில் வீதியை மறிக்க வைத்த பரல்களில் பச்சையும் மண்ணிறமுமாக இலைதழை நிறம் அடித்திருப்பார்கள். கொழும்பு நகரத்தின் நடுவில் அந்த நிறம் எதை மறைக்கும்? தெனுவர 1997இல் அந்தப் பரல்களையே எடுத்து "பரலிசம்" என்று கலையாக்கினார். இயற்கையின் நிறத்தைப் பூசி அதிகாரம் நிற்கிற விதத்தை அதைவிட நேராகக் காட்டமுடியாது என்று நினைக்கிறோம். எங்கள் தலைமுறை பரல்களை அதிகம் கண்டதில்லை. ஆனால் முகாம் வாசலில் கத்தரித்து வளர்த்த பூஞ்செடி வரிசையைக் கண்டிருக்கிறது.

மலையகத்தின் கதை இதிலிருந்து வேறுபட்டது. அங்கே இலட்சியக் காட்சியைத் தாளில் கீறத் தேவையில்லை, நிலத்திலேயே கீறியிருக்கிறார்கள். காட்டை வெட்டிக் கோப்பி, 1869இல் தென்பட்ட இலைநோயால் கோப்பி அழியத் தேயிலை; ஒவ்வொரு செடியும் ஆள்வைத்து நட்டு, ஆள்வைத்துக் கவ்வாத்து வெட்டி, ஆள்வைத்துக் கொழுந்து பறித்து உண்டான பச்சை. அதை "இயற்கை அழகு" என்று போட்டோ எடுத்துப் போடுகிறோம். கூடை சுமந்து சிரிக்கிற பெண் அந்தப் படத்தில் மரம் மாதிரி நிற்பார். ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைப் பையையும் வடிகட்டியையும் எடுத்து அவற்றிலேயே மலையக வாழ்க்கையைப் படைத்தபோது அந்தப் பச்சைப் போர்வை விலகியது. மலைக்காட்சி ஒன்றும் இல்லாமலேயே அது மலையைப் பற்றிய படைப்பாக நிற்கிறது.

வேற மாதிரி எப்படிக் கீறலாம் என்று கேட்பவர்களுக்கு நாங்கள் முதலில் காட்டுவது வேலியை. ஜஸ்மின் நிலானி ஜோசப் பேனாவால் வரைந்த வேலிப் படங்களை இணையத்தில் என்றாலும் தேடிப் பாருங்கோ. யாழ்ப்பாணத்து நிலக்காட்சியின் உண்மையான உருவம் மலையும் இல்லை, தனியே நிற்கிற பனையும் இல்லை, வேலிதான். கிடுகு வேலி, பனையோலை வேலி, கிளுவைக் கதியால், பூவரசு, முள்ளுக்கம்பி, தகரம், அதுக்குப் பிறகு மதில். வேலியைக் கீறினால் எல்லாம் தானாக வந்துவிடும்: யார் உள்ளே, யார் வெளியே, எந்தச் சாதி எந்தப் பக்கம், யார் ஊரை விட்டுப் போய்விட்டார்கள், எந்தக் காணியில் ஆள் இல்லாமல் பற்றை மூடியிருக்கிறது, எந்த முள்ளுக்கம்பி வீட்டுக்காரர் அடித்தது, எது ஆமி அடித்தது. இலட்சியக் காட்சியில் எல்லை இருக்காது, அதனால்தான் அது இலட்சியம்.

எங்கட பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு படிப்பிக்கிற தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட நூலுக்குப் பெயர் முற்றுப்பெறாத தோம்பு என்று பொருள்படும். தோம்பு என்றால் ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு. இடம்பெயர்ந்த தமிழ் பேசும் 80 பேர் தங்கட வீட்டை ஞாபகத்திலிருந்து கீறிக் குடுக்க, அது கட்டடக் கலைஞர் கீறுகிற வரைபடமாகவும், பிறகு ஓவியரின் படமாகவும் மாறுகிறது. கோணல் மாணலான கோட்டில் ஒரு வீடு. கதவு எங்கே, அறை எங்கே என்று காட்டுவதற்காகவே போட்ட கோடு. வடிவுக்காக ஒரு கோடும் இல்லை. நாங்கள் கண்ட எந்தச் சூரிய உதயத்தையும்விட அது எங்களை அதிக நேரம் இருத்தி வைத்தது.

காணி உறுதியையும் ஒருக்கால் வாசித்துப் பாருங்கோ. பழைய யாழ்ப்பாணத்து உறுதிகளில் இத்தனை பரப்பு, இத்தனை குழி, கிழக்கே இன்னாருடைய காணி, வடக்கே ஒழுங்கை, உள்ளே வீடு, கிணற்றில் பங்கு, பயன்தரு மரங்கள் என்று ஒரு முழு நிலக்காட்சியே எழுத்தில் கிடக்கும். 1990இல் வலிகாமம் வடக்கை விட்டுப் போன சனத்துக்குக் காணி துண்டு துண்டாகத்தான் விடுபட்டது, இன்னும் முழுக்க விடுபடவில்லை. திரும்பிப் போனபோது வீடு தரைமட்டம், வேலி இல்லை, ஒழுங்கையே இல்லை. பலர் தங்கட வளவை அடையாளம் பிடித்தது தூர்ந்துபோன கிணற்றையும் மிஞ்சி நின்ற ஏதோ ஒரு மரத்தையும் வைத்து. அந்த மரம் யாழ்ப்பாணத்தின் குறியீடோ தமிழரின் குறியீடோ இல்லை. அம்மம்மா வீட்டுக் குசினிக்குப் பின்னால் நின்ற புளி அது. அந்தப் புளியைக் கீறுங்கோ என்கிறோம். சாட்சி சொல்லக்கூடிய மரம் அது.

வடிவான காட்சியே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. எங்கட ஊர் வீட்டு விறாந்தைகளில் சுவிஸ் மலையும் நீர்வீழ்ச்சியும் தொங்குகின்றன, சுவிஸில் இருக்கிற சித்தப்பா வீட்டு வரவேற்பறையில் பனை தொங்குகிறது. இரண்டு பேரும் இல்லாததைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், அதில் என்ன பிழை? முகாமில் இருந்த பிள்ளை தறப்பாளைக் கீறாமல் பூந்தோட்டத்தைக் கீறினால் அதைத் திருத்த எங்களுக்கு ஒரு உரிமையும் இல்லை. ஆசையாகக் கீறுகிறவரோடு எங்களுக்கு வழக்கில்லை. அடையாளம், போராட்டம், வரலாறு என்று பெரிய சொற்களைக் கீழே எழுதிவிட்டு, மேலே கலண்டர் படத்தை வைக்கிறவரோடுதான் வழக்கு. கண்காட்சியில் அந்தப் படத்துக்கு முன்னால் நின்று தலையாட்டிவிட்டுப் போகிற எங்களோடும்தான்.

அதனால் நாங்கள் ஆறேழு பேர் சேர்ந்து ஒரு வேலை தொடங்கியிருக்கிறோம். சனிக்கிழமைகளில் சைக்கிளில் போய் ஆளுக்கு ஒரு மரத்தைக் கீறுவது. சில விதிகள் உண்டு: கறுப்பு நிழலாகக் கீறக்கூடாது, மரத்துக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறதோ, கரன்ற் வயரோ, குப்பையோ, விளம்பரத் தட்டியோ, அதையும் கீறவேண்டும், படத்துக்குக் கீழே தலைப்புக்குப் பதிலாக மரம் நிற்கிற இடமும் அதைப் பராமரிக்கிறவர் யார் என்பதும். படங்கள் ஒன்றும் பெரிய திறமாக வரவில்லை, கை இன்னும் பழகவேண்டும். போன கிழமை மட்டக்களப்பிலிருந்து வந்த நண்பன் ஒரு ஒழுங்கைக்குள் இருந்து வேலியும் பூவரசுமாகக் கீறிக்கொண்டிருக்க, வீட்டுக்கார ஐயா படலையைத் திறந்துகொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, என்ன எங்கட வேலியைக் கீறுறியள்? காணி அளக்கவோ வந்தனீங்கள்?"

கம்பஸ் பிள்ளைகள், சும்மா படம் கீறுறம் என்று விளங்கப்படுத்தினோம். ஐயா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பியை வாங்கிக் கனநேரம் பார்த்தார். பிறகு விரலை வைத்துச் சொன்னார்:

"இந்தப் பூவரசு எங்கட பக்கம். நீங்கள் அவையின்ர பக்கம் போட்டிருக்கிறியள்."

நண்பன் அழிறப்பரை எடுத்து அழித்து, மரத்தை வேலிக்கு இந்தப் பக்கம் மாற்றிக் கீறினான். ஐயா சரிபார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார்.